டர்பன் லேயர் எகிப்தில் விழுந்தால்: தள்ளிப்போன தூரத்தை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது

கோயில் நிலம், பழைய கரும்புத் தோட்ட எல்லை, சாட்ஸ்வொர்த் மனைப் பிரிவு என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தரவை வெப் வரைபடத்தில் ஏற்றுகிறவர்கள் எல்லோரிடமும் கேட்கிற புலம்பல் ஒன்றுதான்: லேயர், அதாவது வரைபடத்தின் மேல் ஏற்றும் தரவு அடுக்கு, வருகிறது, ஆனால் இடத்தில் உட்காரவில்லை. உடனே இபிஎஸ்ஜி எண்களை, அதாவது தரவு எந்த ஆய முறையில் இருக்கிறது என்று சொல்லும் குறியீடுகளை, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது வீண் வேலை. லேயர் எந்தத் திசையில், எவ்வளவு தூரம் தள்ளி விழுந்திருக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். பெரும்பாலும் அந்தத் தூரமே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க டர்பன் நகர மையத்தில் ஒரு புள்ளி: கிழக்கு 31.02 டிகிரி, தெற்கு 29.86 டிகிரி. வெப் வரைபடங்களின் வழக்கமான முறையான வெப் மெர்கேட்டரில், அதாவது 3857இல், இது ஏறக்குறைய 3453100, -3485500. 31 டிகிரி தீர்க்கத்தை மையமாகக் கொண்ட தென்னாப்பிரிக்க நில அளவை முறையான ஹார்டபீஸ்தூக்94 லோ31இல், அதாவது 2054இல், ஒய் -1930, எக்ஸ் 3304600. கையில் வந்த கோப்பைத் திறந்து முதல் வரி எண்களை இவற்றோடு ஒப்பிட்டாலே பாதிப் பிரச்சினை பிடிபடும். கோப்பின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் எண்களைப் பாருங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இந்த லோ முறை. இங்கே ஒய் மேற்கு நோக்கியும் எக்ஸ் தெற்கு நோக்கியும் கூடும். வேறு நாட்டு மென்பொருள்கள் கிழக்கும் வடக்கும் கூடும் என்றே எதிர்பார்ப்பதால், பலர் தரவை வடக்கு நோக்கியதாகத் திருப்பி வைத்திருப்பார்கள். அதில் நம் புள்ளி 1930, -3304600 ஆகிவிடும். அந்தக் கோப்புக்கு 2054 என்று பெயர் சூட்டினால் சர்வர் அதை 3304 கிலோமீட்டர் வடக்கு என்று படிக்கும். டர்பன் போய் விழுவது கெய்ரோவுக்குத் தென்மேற்கே, பிரமிடுகள் இருக்கும் பக்கத்துப் பாலைவனத்தில். தீர்வு இரண்டில் ஒன்று: இரு எண்களின் குறியையும் மாற்றுங்கள், இல்லையென்றால் மைய ரேகை 31, அளவுக் காரணி 1, வடக்கு நோக்கிய டிரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டர் என்று தனி வரையறை எழுதுங்கள். உலாவியில் ஆயங்களை மாற்றும் புரோஜ்4ஜேஎஸ்ஸில் அசல் 2054 வேண்டுமானால் ஆக்சிஸ் மதிப்பு டபிள்யூஎஸ்யூ (மேற்கு, தெற்கு, மேல்) என்று இருந்தே ஆக வேண்டும்.

300 மீட்டர் வடக்கே தள்ளியிருந்தால் அது பழைய கேப் டேட்டம். டேட்டம் என்பது ஆயங்களை அளக்க அடிப்படையாக எடுத்துக்கொண்ட பூமி வடிவமும் அதன் இருப்பும். 1999 ஜனவரி 1க்கு முந்தைய சர்வே படங்கள் திருத்தப்பட்ட கிளார்க் 1880 நீள்கோளத்தில் அமைந்தவை. அவற்றின் எண்களை அப்படியே 2054 என்று ஏற்றினால் டர்பனில் ஏறக்குறைய 300 மீட்டர் பிசகும். கேப் லோ31க்கு எண் 22291. சரியான எண்ணைக் கொடுத்த பிறகும் 40 மீட்டர் அளவுக்கு வடகிழக்கே நின்றால், வரையறையில் டேட்டம் மாற்ற மதிப்புகள் விடுபட்டிருக்கும். டூடபிள்யூஜிஎஸ்84 என்ற அளபுருவில் -136, -108, -292 சேர்த்துவிடுங்கள். இது வெப் வரைபடத்துக்குப் போதும். வேலி போட இதை நம்பக் கூடாது.

அதே பழைய படங்களில் இன்னொரு பொறியும் உண்டு. மேலே மாறிலி என்று எக்ஸ் +3 300 000 எழுதியிருக்கும். அட்டவணையில் 4 604,35 மட்டுமே இருக்கும். மாறிலியைக் கூட்ட வேண்டும். தசமத்துக்கு இங்கே காற்புள்ளி என்பதால், காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வியில் அது இரண்டு பத்திகளாக உடைந்தும் போகும்.

லேயர் அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே அட்லாண்டிக் நடுவில் விழுந்தால் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கின்றன. ஜியோஜேசான் கோப்பில் எப்போதும் தீர்க்கம் முதலில். சர்வரிடம் வரைபடப் படம் கேட்கும் முறையான டபிள்யூஎம்எஸ்ஸின் 1.1.1 பதிப்பில் ஆய முறையைச் சொல்வது எஸ்ஆர்எஸ் என்ற அளபுரு, கேட்கும் பரப்பின் எல்லையைச் சொல்லும் பிபாக்ஸில் தீர்க்கம் முதலில், 1.3.0இல் சிஆர்எஸ் என்று பெயர் மாறி, டிகிரி முறையான 4326க்கு அட்சம் முதலில். பதிப்பு எண்ணையும் அளபுருவின் பெயரையும் மட்டும் மாற்றிவிட்டு பிபாக்ஸை மாற்றாவிட்டால் சர்வர் பிழை சொல்லாது. நல்லபடியாக 200 (வெற்றி) நிலையோடு வெற்றுக் கடலை அனுப்பிவைக்கும். 1.3.0இலும் தீர்க்கமே முதலில் வேண்டுமென்றால் சிஆர்எஸ்:84 கேளுங்கள். கினி வளைகுடாவில், பூஜ்யம் பூஜ்யத்தில், எல்லாம் ஒரே புள்ளியாகக் குவிந்தால் டிகிரியை மீட்டர் என்று படித்திருக்கிறது. 18 கிலோமீட்டர் வடக்கோ தெற்கோ போனால் ஒரு பக்கம் கோள மெர்கேட்டரான 3857, மறுபக்கம் நீள்கோள மெர்கேட்டரான 3395.

வரைபட சர்வர் மென்பொருளான ஜியோசர்வரில் பார்க்க வேண்டிய இடம் லேயரின் எஸ்ஆர்எஸ் கையாளும் அமைப்பு. "ஃபோர்ஸ் டிக்ளேர்ட்" எண்களைத் தொடாது, பெயரை மட்டும் மாற்றும். மூலத்தின் எண் சரியாக இருந்து வேறு ப்ரொஜெக்‌ஷன் வேண்டுமென்றால் "ரீப்ரொஜெக்ட் நேட்டிவ்" தான். வரைபடத் தரவுத்தளமான போஸ்ட்ஜிஐஎஸ்ஸிலும் இதே குழப்பம்: செட்எஸ்ஆர்ஐடி லேபிள் ஒட்டுகிறது, டிரான்ஸ்ஃபார்ம் கணக்குப் போடுகிறது. இன்னொரு வரைபட சர்வரான மேப்சர்வரில் மேப், லேயர் இரண்டிலும் ப்ரொஜெக்‌ஷன் பகுதி இல்லையென்றால் மாற்றமே நடக்காது.

சர்வர் 4326 மட்டும் தரும், வரைபடமோ 3857 என்றால் உலாவி வரைபட நிரலகமான லீஃப்லெட்டில் அந்த டபிள்யூஎம்எஸ் லேயருக்கு மட்டும் சிஆர்எஸ்ஸைத் தனியாகக் கொடுக்கலாம். டைலின், அதாவது வரைபடத்தின் ஒவ்வொரு சதுரத் துண்டின், மூலைகள் சரியாக அமரும். உள்ளே படம் இழுபட்டிருக்கும். தெரு அளவில் கண்ணுக்குத் தெரியாது, நாட்டளவில் தெரியும். அதே வகை நிரலகமான ஓபன்லேயர்ஸ் படத்தையே மறுவடிவாக்கிவிடும் என்பதால் இந்த வேலைக்கு என் தேர்வு அதுதான்.

இடம் சரியாக அமர்ந்ததும் பரப்பளவை 3857இல் கணக்கிடாதீர்கள். டர்பன் அட்சத்தில் நீளம் 15 சதவீதமும் பரப்பு 33 சதவீதமும் கூடுதலாக வரும். 1000 சதுர மீட்டர் மனை 1330 என்று காட்டும். லோ31க்கு மாற்றியே அளக்க வேண்டும்.

எல்லாம் திருத்தியும் வரைபடம் அசையவில்லையா? டைல்களைச் சேமித்துவைக்கும் ஜியோவெப்கேஷில் பழைய டைல்கள் கிடக்கின்றன. அந்த லேயரின் கேஷை டிரன்கேட் செய்து, உலாவியின் கேஷையும் காலி செய்துவிட்டுப் பாருங்கள்.