ஹனாமோரியைத் தேடி

3 அக்டோபர் 2017, கோலாலம்பூர்

வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னின் மாற்றாந்தாய் அண்ணன் கிம் ஜோங் நாம் கொலை வழக்கு ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் நேற்று தொடங்கியது. பிப்ரவரியில் விமான நிலையத்தில் அவர் முகத்தில் நச்சைப் பூசியதாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தோனேசியாவின் சித்தி ஆயிஷாவும் வியட்நாமின் டோவான் தி ஹுவோங்கும் குற்றத்தை மறுத்தனர். மெய்ப்பிக்கப்பட்டால் தூக்குத் தண்டனைதான். ஆனால் குற்றச்சாட்டில் இன்னும் பிடிபடாத வேறு நால்வரும் இருக்கிறார்கள், பெயரில்லாமல். எய்தவன் இருக்க அம்பை நோகும் வழக்காக இது முடிந்துவிடுமோ என்பதே என் ஐயம்.

10 அக்டோபர் 2017

நேற்று நீதிபதி உட்பட அனைவரும் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, பெட்டாலிங் ஜெயாவிலுள்ள இரசாயனத் துறை ஆய்வகத்தில் சான்றுப் பொருள்களைப் பார்வையிட்டனர். இறந்தவரின் உடலிலும் உடைமைகளிலும் விஎக்ஸ் நரம்பு நச்சு இருந்ததைக் கண்டறிந்து சாட்சியம் அளித்தவர் நம் வேதியியலாளர் ராஜா சுப்ரமணியம். தோலில் பட்டாலே உயிரைக் குடிக்கும் அந்த நச்சைத் தயாரிக்கவும் கடத்தவும் பின்னால் ஓர் அரசே இருந்திருக்க வேண்டும். சில நூறு ரிங்கிட்டுக்கு வேடிக்கைக் காணொளியில் நடிக்க வந்ததாகச் சொல்லும் பெண்களால் ஆகிற காரியமா அது?

7 நவம்பர் 2017

நால்வருக்கும் நேற்று பெயர் கிடைத்தது. சித்தி ஆயிஷாவிடம் ஜப்பானியர் என்று சொல்லிப் பழகிய 'ஜேம்ஸ்' உண்மையில் ரி ஜி யு. 'சாங்' என்பவர் ஹோங் சோங் ஹாக். 'ஒய்' என்பவர் ரி ஜி ஹியோன். இவர்களுக்கு மேலே 'தாத்தா' என்றும் 'ஹனாமோரி' என்றும் அழைக்கப்பட்ட ரி ஜே நாம், வயது 57. பிப்ரவரி 13 அன்று கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையமான கேஎல்ஐஏ 2-இன் கேமராப் பதிவில், டோவான் தன் இரு கைகளையும் உடலில் படாதவாறு விலக்கிப் பிடித்தபடி கழிப்பறைக்கு விரைகிறார். ஹனாமோரியின் கூட்டமோ உடை மாற்றிக்கொண்டு, வட கொரியத் தூதரக அதிகாரி ஒருவரையும் அந்நாட்டு விமான நிறுவனமான ஏர் கொர்யோவின் ஊழியர் ஒருவரையும் சந்தித்துவிட்டு, அன்றே நாட்டைவிட்டு வெளியேறுகிறது: ஜகார்த்தா, துபாய், விளாடிவோஸ்டாக், பிறகு பியோங்யாங்.

காவல்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சித்தப்பா செய்தியைப் படித்துவிட்டு, "கேமராவில் முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறவன் தலைவனாக இருக்கமாட்டான்டா, அவனுக்கும் மேலே ஒருத்தன் இருப்பான்" என்றார். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் அந்த மேலிடம் எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்ளும் வராது என்பதால், நமக்கு எட்டக்கூடிய கடைசிப் படி ஹனாமோரிதான்.

30 ஜனவரி 2018

இறந்தவரைச் சுற்றியும் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. கொலைக்கு நான்கு நாள் முன்பு லங்காவித் தீவில் அவர் ஓர் அமெரிக்கரைச் சந்தித்தார் என்று விசாரணை அதிகாரி நேற்று ஒப்புக்கொண்டார். அந்த அமெரிக்கர் யார் என்று கேட்டதற்கு அவரிடம் விடையில்லை. இறந்தவரின் மடிக்கணினியில் அதே நாளில் ஒரு யுஎஸ்பி இணைக்கப்பட்டதும் தெரியவந்தது. வேவுக்காரர்களைத் தேடப்போய், கொல்லப்பட்டவரே யாருக்காவது தகவல் தந்தாரா என்று ஆராயும் நிலைக்கு வழக்கு வந்துவிட்டது.

12 ஜூன் 2019

சித்தி ஆயிஷா மார்ச் 11-இல், காரணம் கூறப்படாமலே, விடுவிக்கப்பட்டார். குறைந்த குற்றச்சாட்டை ஏற்றுக்கொண்ட டோவானும் மே 3-இல் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். கிம் ஜோங் நாம் அமெரிக்க உளவுத்துறைக்குத் தகவல் தந்தவர் என்று அமெரிக்க நாளேடு ஒன்று இந்த வாரம் எழுதியிருக்கிறது. அது உண்மையானால் லங்காவிச் சந்திப்புக்கு ஒரு பொருள் கிடைக்கும்.

ஹனாமோரியின் மீது 2017 மார்ச்சில் பன்னாட்டுக் காவல் அமைப்பான இண்டர்போல், கைதுசெய்யக் கோரும் சிவப்பு அறிவிப்பை வெளியிட்டது. வட கொரியா இண்டர்போலில் உறுப்பு நாடே அல்ல.