தேயிலை மணக்கும் ஷார்ட்பிரெட்: டிசம்பர் குறிப்புகள்

டிசம்பர் 9

விடுமுறைக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. இந்த முறை எல்லோருக்கும் டப்பாவில் போட்டுக் கொடுக்கப்போவது ஷார்ட்பிரெட் குக்கீ. வெறும் ஷார்ட்பிரெட் இல்லை, கடித்தவுடன் தேநீர் மணக்க வேண்டும். ஆறு வீடு, வீட்டுக்கு 12. ஆக 72 குக்கீ நல்லபடியாக வந்தாக வேண்டும்.

ஷார்ட்பிரெட் ஸ்காட்லாந்துப் பலகாரம். அதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு. எல்லாம் எடைக் கணக்கு. முட்டை வேண்டாம், பேக்கிங் பவுடர் வேண்டாம். மூன்றே பொருள் என்பதால் வெண்ணெய் சுமாராக இருந்தால் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். நல்ல வெண்ணெயாக, உப்பில்லாததாக வாங்கி வைத்திருக்கிறேன். உப்பை நானே அரை டீஸ்பூன் போட்டுக்கொள்வேன்.

டிசம்பர் 10

பாதி அளவில் செய்து பார்த்தேன். தேநீர் வாசம்தானே வேண்டும் என்று தேயிலையைக் கொதிக்கவிட்டு, நன்றாகச் சுண்டியபின் மூன்று ஸ்பூன் சாற்றை மாவில் விட்டுப் பிசைந்தேன். பிசையும்போதே கை சொல்லிவிட்டது. உதிர வேண்டிய மாவு ரப்பர் மாதிரி இழுத்தது. வெந்து வந்ததும் கடக்கென்று உடைந்தது, வாயில் கரையவே இல்லை. தேநீர் வாசமும் இல்லை; நாக்கில் துவர்ப்பு மட்டும் தங்கியது.

காரணம் தண்ணீர். மைதாவில் உள்ள புரதம் தண்ணீர் பட்டுப் பிசையப்பட்டால் க்ளூட்டன் இழைகளாகப் பின்னிக்கொள்ளும். ரொட்டிக்கு அது வேண்டும், ஷார்ட்பிரெட்டுக்கு ஆகாது. இங்கே வெண்ணெய் மாவுத் துகள்களைச் சுற்றிப் படிந்து அந்த இழை உருவாகவிடாமல் தடுப்பதால்தான் குக்கீ பொலபொலவென்று உதிர்கிறது. பெயரில் இருக்கும் ‘ஷார்ட்’ என்பதற்கு இங்கே அர்த்தமே அதுதான்.

டிசம்பர் 12

தண்ணீர் வேண்டாம் என்றால் வெண்ணெயே தேயிலையின் வாசத்தை வாங்கிக்கொள்ளட்டும் என்று, 200 கிராம் வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, இலையைப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டினேன். வாசம் தருகிற எண்ணெய்களில் பெரும்பாலானவை கொழுப்பில் நன்றாகக் கரையும். துவர்ப்பு தருகிற பொருட்களோ தண்ணீரில்தான் இறங்கும். அதனால் வெண்ணெய்க்கு வாசம் மட்டும் வந்தது, கசப்பு வரவில்லை. இதைச் செய்து பார்த்தபோது மனசு நிறைந்துபோனது.

இரண்டு சிக்கல். இலை வெண்ணெயைக் குடித்துவிடுகிறது. வடித்தபின் எடை போட்டால் 30 கிராமுக்கு மேல் குறைந்திருந்தது. அதை நிரப்பாமல் பிசைந்தால் கணக்கே மாறிவிடும். அடுத்து, உருகிய வெண்ணெய் சரியாக இறுகும் முன்பே அவசரப்பட்டுவிட்டேன். ஓவனில் குக்கீகள் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வாசம் இனிமைதான், ஆனால் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

டிசம்பர் 14

இன்றைக்குத்தான் கிடைத்தது!

10 கிராம் ஏர்ல் கிரே இலையையும் 100 கிராம் சர்க்கரையையும் சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்தேன். சர்க்கரைப் பரல்கள் இலையை அறுக்கின்றன, இலையிலிருந்து கசியும் எண்ணெய் அந்தச் சர்க்கரையிலேயே ஒட்டிக்கொள்கிறது. மூடியைத் திறந்ததும் வந்த வாசம் சமையலறையைத் தாண்டிக் கூடம் வரை போனது. ஏர்ல் கிரே என்பது பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெய் சேர்த்த கருந்தேநீர். இத்தாலியின் தென்கோடியில் இருக்கும் கலாப்ரியாவில்தான் அந்தப் பழம் பெரும்பாலும் விளைகிறது. பூவும் எலுமிச்சையும் கலந்த அந்த மணத்துக்கு வெண்ணெயைவிட நல்ல துணை கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து.

அந்தச் சர்க்கரையை 200 கிராம் வெண்ணெயில் போட்டுக் குழைத்தேன். வெண்ணெய் விரல் வைத்தால் குழியும் பதத்தில் இருக்க வேண்டும், பளபளக்கக் கூடாது. நுரைக்கும் வரை அடிக்கவும் கூடாது. காற்று ஏறினால் குக்கீ உப்பி உருக்குலையும். பிறகு 300 கிராம் மைதா. முதலில் ஈர மணல் மாதிரி உதிரும், உருண்டையாகவே வராது போலிருக்கும். தண்ணீர் தெளிக்கக் கை பரபரக்கும், தெளிக்கவே கூடாது. உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். அது போதும்.

உருளையாகச் சுருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 15

ராத்திரி முழுக்க இறுகிய உருளையை இன்று வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் உருளையைக் கால் சுற்று திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பக்கம் தட்டையாகி வட்டம் போய்விடும். வெட்டிய முகத்தில் கறுப்புப் புள்ளிகள், வெள்ளைத் துணியில் எள் சிதறியதுபோல. ஒரு முள்கரண்டியால் நடுவே குத்திவிட்டேன். ஆவி வெளியேற வழி கிடைக்கும்.

160 டிகிரியில் 20 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிட்டேன். நடு வெளிறியே இருக்கலாம், சிவந்தால் தேயிலை வாசத்தை வறுத்த வாசம் மூடிவிடும். சூடாக இருக்கும்போது தொட்டால் உடையும். பத்து நிமிடம் தட்டிலேயே கிடக்கட்டும்.

அக்காவிடம் ஒன்று கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, “என்னடி, டீ குடிச்ச மாதிரியே இருக்கு,” என்றாள். எனக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

டிசம்பர் 17

பச்சைத் தேயிலைப் பொடி போட்டும் ஒரு சின்ன உருளை. ருசி நல்லது, ஆனால் ஓவன் சூட்டில் பச்சை மங்கிப் பழுப்பாகிவிட்டது. அன்றாட டீக்குப் போடும் குருணைத் தேயிலையையும் பார்த்தேன். பல்லில் நறநறவென்றது, கசப்பும் தூக்கலாக இருந்தது. ஏர்ல் கிரேதான்.

டிசம்பர் 18

15ஆம் தேதி செய்ததில் மூன்றை மட்டும் காற்றுப்புகாத டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன். இன்று எடுத்துக் கடித்தால், முதல் நாளைவிட வாசம் ஆழமாக இருக்கிறது. அன்று வெண்ணெய் முன்னால் நின்று தேநீர் பின்னால் வந்தது. இன்று இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே சுட்டு வைத்துவிட வேண்டும்.

டிசம்பர் 20

இரண்டு மடங்கு மாவு, நான்கு உருளை, ஐந்து தட்டு. ஒரு தட்டு வேகும்போது அடுத்த உருளையை ஃபிரிட்ஜிலேயே விட்டுவைத்தேன். மேசையில் கிடந்தால் வெண்ணெய் இளகி, ஓவனில் பரக்கும். எங்கள் ஓவனில் பின்பக்கம் சூடு அதிகம்; பாதியில் தட்டைத் திருப்பிவைத்தேன். ஒரு தட்டு மட்டும் மூன்று நிமிடம் கூடிப்போய்ச் சிவந்துவிட்டது. அவை வீட்டுக்கு. எண்ணிப் பார்த்தால் கொடுக்கத் தகுந்தது 74.

டிசம்பர் 22

டப்பாவுக்கு 12 அடுக்கினேன். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் பட்டர் பேப்பர். மூடியில் சின்னச் சீட்டு: ‘காற்றுப் படாமல் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். பால் சேர்க்காத தேநீரோடு சாப்பிடுங்கள்.’ மிஞ்சிய இரண்டில் அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. புது வருஷத்துக்கென்று வெட்டாத உருளை ஒன்று ஃப்ரீசரில் இருக்கிறது.