டேங்கு கசிந்த முதுகு

சேரன்மகாதேவி பக்கம் ஒரு பூச்சிமருந்துக் கடையில் 11 வருஷம் வேலை பார்த்தேன். பிசான நெல் பருவத்தில்தான் எங்களுக்கு வியாபாரம். இலைச்சுருட்டுப் புழு போனால் புகையான் பூச்சி வரும். விடிந்ததுமே கடை வாசலில் சைக்கிளும், முதுகில் மாட்டி மருந்தடிக்கிற டேங்குமாக நிற்பார்கள். பாதிப் பேருக்குச் சொந்த வயல் கிடையாது, கூலிக்கு அடிக்கிறவர்கள். டேங்குக் கணக்கில் கூலி என்பதால், வெயில் ஏறுவதற்குள் எத்தனை டேங்கு முடிகிறதோ அத்தனை லாபம்.

ஒரு மார்கழிக் காலையில் அப்படி ஒரு அண்ணாச்சி இரண்டாவது பாட்டில் வாங்க வந்தார். வேர்த்து ஊற்றியது. எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தார்.

“தலை கிறுகிறுன்னு வருது தம்பி. வெறும் வயித்துல போனேன்லா, பித்தமா இருக்கும்.”

நானும் பித்தம் என்றே நினைத்து ஒரு சோடா உடைத்துக் கொடுத்தேன். மார்கழிக் குளிரில் ஒருத்தருக்கு ஏன் இப்படி வேர்க்க வேண்டும் என்று எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பாட்டிலில் இருந்த சிவப்பு முக்கோணத்தையும் மண்டையோட்டையும் நாள் முழுக்கப் பார்க்கிற ஆள் நான்.

அரை மணி நேரத்தில் வாந்தி. ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்தார். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. “முதல்ல சட்டையைக் கழட்டுங்க, சோப்புப் போட்டுக் கழுவுங்க. என்ன மருந்து? டப்பா எங்க?” என்று கேட்டார். எங்கள் கடையில் வாங்கியது மோனோகுரோட்டோபாஸ். அதோடு வேறு கடை மருந்தொன்றையும் கலந்து அடித்திருக்கிறார். அது என்னவென்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை. அட்ரோபின் என்கிற முறிவு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் ஆளை மீட்டார்கள்.

கழற்றிப் போட்ட சட்டையை நான்தான் எடுத்தேன். முன்பக்கம் காய்ந்திருந்தது. முதுகு மட்டும் கழுத்திலிருந்து இடுப்பு வரை சொதசொதவென்று நனைந்து, மருந்து நாற்றம். டேங்கு மூடியில் வாஷர் தேய்ந்து போயிருந்தது. குனிந்து நிமிரும்போதெல்லாம் ஒழுகியிருக்கிறது. மூக்கில் மட்டும் துண்டை அத்தனை கவனமாகக் கட்டியிருந்தார்.

நாங்கள் எல்லோரும் மூக்கைத்தான் காவல் காத்தோம். இந்த மருந்து தோல் வழியாகவே இறங்கிவிடும். நரம்பு அனுப்புகிற சேதியை வேலை முடிந்ததும் நிறுத்தி வைக்க உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. மருந்து அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அதனால்தான் வேர்வையும் எச்சிலும் நிற்காமல் வருகிறது. அந்த நொதி பழைய நிலைக்கு வர வாரக்கணக்காகும். அதற்குள் தினமும் அடித்தால் கடன் மேல் கடன்தான். “நேத்தும் இதத்தான அடிச்சேன், ஒண்ணும் செய்யலய” என்று படுக்கையில் கிடந்தபடி அவர் கேட்டதற்குப் பதில் இதுதான். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் போடச் சொல்லி, பாட்டிலோடு வரும் தாளில் அச்சடித்துத்தான் இருக்கும், கொசு மாதிரி எழுத்தில். அதை எழுதினவர் ரப்பர் உறையோடு சேற்று வயலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்க மாட்டார். எங்கள் கடையிலேயே ஒரு ஜோடி கையுறை விற்பனைக்கு இருந்ததில்லை. அதை விட்டுவிட்டுக் கூலிக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மால் பருத்திக் காட்டில் மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் செத்தபோதும், அவர்களுக்கு விவரம் போதாது என்றுதான் பலர் பேசினார்கள். 2023-இல் மத்திய அரசு 36 சதவீதச் செறிவுள்ள மோனோகுரோட்டோபாஸைத் தடை செய்து, இருக்கிற சரக்கை விற்றுத் தீர்க்க ஒரு வருஷம் தவணை கொடுத்தது. ஆயிரம் கையுறையை விட அலமாரியில் அந்த ஒரு பாட்டில் இல்லாமல் போனது பெரிசு என்பேன்.

அதற்கு முன்னால் என்னால் முடிந்தது கொஞ்சம். கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு டப்பா நிறைய டேங்கு வாஷர், ஒரு அட்டைப்பெட்டியில் துணி சோப்பு. காற்றுக்கு எதிரே அடிக்காதீங்க, காலி டப்பாவை வேலை முடியும்வரை தூக்கிப் போடாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போனால் அதுவும் கூடப் போகணும் என்று ஓதிக்கொண்டே இருப்பேன். முதலாளி, “நீ மருந்து விக்கியா, மந்திரம் விக்கியா?” என்பார்.

அந்த அண்ணாச்சி இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் டேங்கு தூக்கினார். வேறு வேலை என்ன இருக்கிறது? கடைக்கு வந்தால் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே முதுகைத் திருப்பிக் காட்டுவார்.

“தொட்டுப் பாத்துக்கிடுங்க தம்பி. காஞ்சு கெடக்கு.”