தவிட்டுப் பெட்டி: ஸ்காபரோ நாட்குறிப்பு

2025 ஜனவரி 6
பல்லிக்குத் தீனியாகத் தவிட்டில் மீல்வேர்ம் புழு வளர்க்கிறேன். கூட்டுப்புழுக்களில் இரண்டு வண்டாகிவிட்டன. வெளியே வரும்போது வெள்ளை. மெல்ல மெல்லப் பழுத்து, சில நாளில் கறுப்பு. மீதியைக் கரண்டியால் அள்ளி வேறு டப்பாவில் போட்டேன். புழுக்களோடு விட்டால் கடித்துத் தின்றுவிடும். கூட்டுப்புழுவுக்கு வாயும் இல்லை, நடையும் இல்லை. ஆனால் தொட்டால் வயிற்றுப் பக்கத்தை மட்டும் ஒரு சுழற்று சுழற்றும், ‘போடி’ என்கிற மாதிரி.

ஜனவரி 8
கட்டையன், எங்கள் லெபர்ட் கெக்கோப் பல்லி, இன்றும் சாப்பிடவில்லை. நிறை 61 கிராம்.

ஜனவரி 9
மாமி கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தா. “பிள்ளை, இது சொல்லாதோ?”

ஊரில் பல்லி சொன்னால் எந்தத் திசை, என்ன கிழமை என்று பார்த்துப் பலன் சொல்கிற மனுஷி. லெபர்ட் கெக்கோ பயந்தால் கீச்சிடும், மற்றபடி பேச்சில்லை. சுவரிலும் ஏறாது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துக் கல்லுத் தரையில் திரியும் சாதி. கண் இமைக்கிறது என்றதும் மாமிக்கு அது பல்லியே இல்லை. தன்னுடைய ஒப்பரேஷன் திகதியைப் பற்றி இதனிடம் கேட்க முடியாது என்று எழும்பிப் போய்விட்டா.

ஜனவரி 14
பொங்கல். புழுக்களுக்கும் புதுக் கரட்.

ஜனவரி 19
பெட்டியின் ஓரத்தில் மெல்லிய தூசி. ஊதினால் போகவில்லை. கண்ணை வைத்துப் பார்த்தால் தூசி நடக்கிறது. உண்ணி. ஈரம் கூடினால் இதுதான். கரட், உருளைக்கிழங்கு என்றால் பரவாயில்லை, இவர் கரிசனையில் வெள்ளரிக்காய்த் துண்டு போட்டிருக்கிறார். அடியில் பூஞ்சணம்.

பாதி நாள் போனது. பழைய தவிட்டை அரித்துக் கொட்டி, பெட்டியைக் கழுவித் துடைத்துக் காயவைத்து, புதுத் தவிட்டைக் குளிர்பெட்டியில் உறையவைத்து எடுத்து, பிறகு நிரப்பினேன். உறையவைத்தால் கடையிலிருந்து வந்த முட்டைகள் சாகும்.

அம்மா மாவை வெயிலில் பரப்பி அரிப்பா. ஒரு புழு கண்டாலே வீடு முழுக்கப் பேச்சு. இப்போது அரிதட்டில் புழுவை வைத்துக்கொண்டு மாவை எறிகிறேன். “எந்த அரிதட்டு?” என்று இவர் கேட்டார். சமையலுக்கு வேறை, இதுக்கு வேறை என்றேன். நம்பவில்லை, இரவு புட்டு வேண்டாமாம்.

ஜனவரி 27
59 கிராம். வால் கொஞ்சம் மெலிந்த மாதிரி. மகனுக்குப் படம் அனுப்பினேன். “குளிருக்கு அப்பிடித்தான் அம்மா, வால் தடிப்பா இருந்தாப் பயமில்லை.” தடிப்பு என்றால் எவ்வளவு தடிப்பு? கொழுப்பெல்லாம் அங்கேதானே சேமிப்பு. சூட்டுப் பக்கம் 32 பாகை காட்டுகிறது, சரியாகத்தான் இருக்கிறது. புழுவுக்குக் கல்சியம் தூள் பிரட்டித்தான் வைக்கிறேன். மீல்வேர்மில் பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு, வெறும் புழுவாகவே போட்டால் எலும்பு மெழுகாகிவிடும். வைத்ததெல்லாம் கிண்ணத்திலேயே கிடக்கிறது.

பெப்ரவரி 3
ஆஸ்பத்திரியிலிருந்து போன் இல்லை.

பெப்ரவரி 8
வண்டுகளைப் புதுத் தவிட்டுக்கு மாற்றினேன். அங்கேயே விட்டால் தங்கள் முட்டையையே தின்னும். பழைய தவிட்டை “வெறும் பெட்டி” என்று இவர் குப்பைக்கு எடுத்துப் போனார், படியில் மறித்துப் பிடித்தேன். முட்டை கண்ணுக்குத் தெரியாது, பசை மாதிரித் தவிட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

பெப்ரவரி 13
பனி. பேஸ்மன்ட் குளிர்கிறது, பெட்டியை ஹீட்டர் அறைக்கு இழுத்து வைத்தேன். குளிர்ந்தால் வளர்ச்சி நின்றுவிடும்.

பெப்ரவரி 16
திரும்பவும் பனி. 57 கிராம். வால், வால், வால். கனவிலும் அதுதான்.

பெப்ரவரி 20
டோர்ச் அடித்தபோது தவிட்டின் மேல்பரப்பு முழுக்க அசைந்தது! நூல் துண்டுகள் போல, நூற்றுக்கணக்கில். மாமியைக் கூட்டிவந்து காட்டினேன். “இவ்வளவும் அந்த ஒரு பல்லிக்கோ?” நல்ல கேள்வி.

பெப்ரவரி 21
மகன் வந்தான், வாங்கிவந்த வக்ஸ்வேர்ம் என்கிற வேறு சாதிப் புழு ஒன்றை நீட்டினான். கட்டையன் பாய்ந்து விழுங்கினான்! என் புழுவை நீட்டினால் முகத்தைத் திருப்புகிறான். கள்ளன். வக்ஸ்வேர்ம் முழுக்கக் கொழுப்பு, பழக்கினால் வேறெதையும் தொடமாட்டான் என்று மகனே சொல்கிறான், சொல்லிக்கொண்டே இரண்டாவதையும் கொடுக்கிறான்.

பெப்ரவரி 24
வாலைக் கயிறு வைத்து அளக்கலாமா? தவிடு முடிகிறது. காலையில் தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு அழைப்பு தவறிவிட்டது. திருப்பி எடுத்தால் பதிவுக்குரல்தான். மாமிக்கு இன்னும் சொல்லவில்லை.