கப்பல் வந்து சேர எத்தனை நாள்?

குன்னூரில் வீட்டிலிருந்தே யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வுக்குப் படித்தேன். விருப்பப்பாடம் வரலாறு. மாதிரித் தேர்வில் ‘1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தது ஏன்?’ என்று ஒரு கேள்வி. அப்போது அது பிரிட்டனின் கடற்படைத் தளம்; பிடித்தது ஜப்பான். ‘பீரங்கிகள் எல்லாம் கடலையே பார்த்திருந்தன’ என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதினேன். 20க்கு 6. அந்த முதல் வரியே தவறு. பெரிய பீரங்கிகளில் பலவற்றைத் தரைப்பக்கம் திருப்ப முடிந்தது. இருந்த குண்டுகள்தாம் பெரும்பாலும் போர்க்கப்பலின் கவசத்தைத் துளைக்கச் செய்தவை, தரைப்படைக்கு எதிராக அவ்வளவாகப் பயன்படாதவை.

பக்கத்து வீட்டு மாமா பக்கத்திலுள்ள வெலிங்டன் ராணுவ முகாமில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். விடைத்தாளைப் பார்த்துவிட்டு, “துப்பாக்கியை அப்புறம் எண்ணலாம் கண்ணு. உதவி வந்து சேர எத்தனை நாள், அதை எங்கே எழுதியிருக்கே?” என்று கேட்டார். எனக்கு 2009 நவம்பர் நினைவுக்கு வந்தது. மண்சரிவில் மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டபோது அம்மா முதலில் போய்ப் பார்த்தது அரிசி டப்பாவைத்தான்.

அதன்பிறகு நாள்கணக்கைப் பிடித்துக்கொண்டே படித்தேன். தாக்குதல் வந்தால் பிரிட்டனிலிருந்து கப்பற்படை வரும்வரை சிங்கப்பூர் 70 நாள் தாங்கினால் போதும் என்றுதான் திட்டம். 1939இல் ஐரோப்பாவில் போர் மூண்டதும் அது 180 நாளாயிற்று. தளம் இருந்தது, கப்பல்கள் ஐரோப்பாவில் சிக்கியிருந்தன. அனுப்பிய இரண்டு பெரிய கப்பல்களும், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிபல்ஸும், விமானப் பாதுகாப்பின்றி 1941 டிசம்பர் 10 அன்று மூழ்கின. சிங்கப்பூருக்கு வடக்கே ஒட்டியிருந்த மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் டாங்கி ஒன்றுகூட இல்லை. ஜப்பான் மலாயாவில் இறங்கிய டிசம்பர் 8 முதல் சிங்கப்பூர் சரணடைந்த பிப்ரவரி 15 வரை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: சரியாக 70 நாள். எண்ணி முடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒப்பிட, தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமுள்ள ஃபாக்லாந்து தீவுகள் போதும். 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா இறங்கியபோது காவலுக்கு இருந்த பிரிட்டிஷ் மரைன்கள் (கடற்படையின் தரைவீரர்கள்) நூறு பேர்கூட இல்லை. சுமார் 13,000 கிலோமீட்டர் கடந்து பிரிட்டிஷ் படை அங்குள்ள சான் கார்லோஸில் கரையேறியது மே 21. இங்கே பாதி வழியில் தங்கிச் செல்ல பிரிட்டனின் அசென்ஷன் தீவு இருந்தது. அதைக் குறிப்பிடாமல் விடையை முடிக்காதீர்கள்.

விடையில் ஒரு சின்ன வரைபடம் போட்டு, தூரத்தையும் நாளையும் அதிலேயே குறியுங்கள். பயிற்சிக்கு அந்தமானை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜப்பான் 1942 மார்ச் 23 அன்று போர்ட் பிளேரில் இறங்கியது. காவல்படையை ஆங்கிலேயர் அதற்கு முன்பே விலக்கிக்கொண்டிருந்தனர்.