ஒரு புதன், ஒரு சனி, இன்னொரு புதன்: சோனோமாவில் நேர்கோடும் வளைவும்

மதியம் இரண்டரைக்கு கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து கிளம்பினோம், நானும் மனைவியின் தம்பியும். வல்லேஹோ தாண்டி 37-ஆம் நம்பர் ஹைவேயில் ஏறினால் இடது பக்கம் வளைகுடா, இரண்டு பக்கமும் சதுப்பு நிலம், முன்னால் நகராத வண்டிகள். அதைக் கடந்து 121-இல் திரும்பியதும் காய்ந்து மஞ்சளாகிப்போன குன்றுகளுக்கு நடுவே சோனோமா ரேஸ்வே வந்துவிடுகிறது. 1968-இல் சியர்ஸ் பாயின்ட் என்ற பெயரில் திறந்த இடம். குன்றுகளில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. புல்லை வெட்ட மெஷின் வைக்காமல் ஆடுகளை விட்டிருக்கிறார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் காலேஜ் படித்தவன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் நாட்களில் வேலி ஓரம் நின்றே வளர்ந்த ஆசை இது. அதனால் ரேஸ் என்றாலே எனக்கு வளைவுதான். நேராக ஓட்டுவதில் என்ன இருக்கிறது, பெடலை மிதித்தால் போகிறது என்று பல வருடம் சொல்லித் திரிந்திருக்கிறேன். சோனோமாவில் ஒரே கேட்டுக்குள் இரண்டும் இருப்பதால் இரண்டையும் என் டொயோட்டா ஜிஆர் 86 காரிலேயே ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். (டிராக் என்று நான் எழுதும் இடமெல்லாம் நேர்கோட்டு ரேஸ். வளைவுள்ள பாதையை சர்க்யூட் என்றே சொல்கிறேன், இல்லாவிட்டால் தமிழில் இரண்டும் குழம்பிவிடும்.)

புதன் சாயங்காலம் டிராக் ஸ்ட்ரிப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. வண்டியைச் சோதித்து, கண்ணாடியில் சுண்ணாம்பு பேனாவால் நம்பர் எழுதி வரிசையில் விடுகிறார்கள். எனக்கு முன்னால் ஒரு பழைய மஸ்டாங், பின்னால் குழந்தை சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்த ஒரு டெஸ்லா. ஸ்டார்ட் கோட்டுக்கு அருகில் நடந்தால் செருப்பு தரையோடு ஒட்டிக்கொள்கிறது. டயர் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஒரு பிசின் தெளித்து வைத்திருக்கிறார்கள். நடந்து பார்க்கும்போதே இது சும்மா ரோடு இல்லை என்று கால் சொல்லிவிடும்.

கிறிஸ்மஸ் ட்ரீ என்று அழைக்கும் விளக்குக் கம்பம் முன்னால் நிற்கிறது. மெதுவாக நகர்ந்து முதல் விளக்கு, இன்னும் ஒரு சாண் நகர்ந்து இரண்டாவது. அப்புறம் மூன்று மஞ்சள் அரை அரை வினாடி இடைவெளியில் இறங்கி, பச்சை. நான் ஐயாயிரம் ஆர்பிஎம்மில் கிளட்சை விட்டேன். பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின, பக்கத்து லேன் வண்டி போயே போய்விட்டது.

402 மீட்டர் முடிந்து திரும்பி வரும் வழியில் ஒரு சின்ன கூண்டு. அதிலிருந்து கை நீட்டி ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டுதான் என் எண்ணத்தை மாற்றியது. பச்சை விழுந்து எத்தனை நேரம் கழித்து வண்டி நகர்ந்தது, முதல் 60 அடியைக் கடக்க எவ்வளவு ஆனது, பாதி தூரத்தில் என்ன, கடைசியில் என்ன, எல்லாம் வினாடியில் மூன்று தசம இடம் வரை. எனக்கு 60 அடி 2.38, மொத்தம் 15.12. அந்த 60 அடி, அதாவது வெறும் 18 மீட்டர், அங்கே விட்ட ஒரு பத்தில் ஒரு பங்கு வினாடி கடைசிக் கோட்டில் அதைவிடப் பெரிதாகவே திரும்ப வருகிறது. எவ்வளவு குதிரைத்திறன் இருந்தாலும் முதல் 18 மீட்டரில் கால் சரியாக இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. அன்று ஐந்து முறை ஓடினேன். ஐந்து சீட்டிலும் அதே தப்பு அச்சாகியிருந்தது.

ஜூலைக் கடைசியில் இதே ஸ்ட்ரிப்பில் அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் போட்டி நடக்கிறது. நைட்ரோமீத்தேன் குடிக்கும் டாப் ஃபியூயல் வண்டிகள், 11,000 குதிரைத்திறன், நான்கு வினாடிக்குள் 500 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிடும். 2008-இல் ஸ்காட் கலிட்டா என்ற டிராக் ஓட்டுநர் விபத்தில் இறந்த பிறகு, அந்த வண்டிகளுக்கும் அவர் ஓட்டிய ஃபன்னி கார் வகைக்கும் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்துவிட்டார்கள். வாலி பார்க்ஸ் 1951-இல் இந்த அமைப்பைத் தொடங்கியதே ரோட்டில் ரேஸ் விட்டுக்கொண்டிருந்த பையன்களை ஒரு பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவரத்தான். ஈசிஆரில் ராத்திரி பைக் விடும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். சென்னைக்குப் பக்கத்தில் வாராவாரம் ஒரு சாயங்காலம், கொஞ்ச காசுக்கு, ஆம்புலன்ஸ் நிற்கும் ஒரு நேர்ரோடு கிடைத்தால் எத்தனை வீட்டில் அம்மாக்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

சனிக்கிழமை சர்க்யூட். இதற்கு டிராக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகும், பிரேக் ஆயில் புதிதாக மாற்றியிருக்க வேண்டும், ஹெல்மெட் கட்டாயம், புதியவன் என்றால் பக்கத்து சீட்டில் ஒரு பயிற்சியாளர். எனக்கு வந்தவர் அறுபது வயதுக்கு மேற்பட்ட அமைதியான மனிதர்.

4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 12 வளைவு, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கிட்டத்தட்ட 50 மீட்டர் வித்தியாசம். டிவியில் பார்த்தால் இந்த ஏற்ற இறக்கம் தெரியவே தெரியாது. இரண்டாவது வளைவுக்கு மேல்நோக்கி ஏறும்போது கண்ணாடி முழுக்க வானம்தான், ரோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். 3ஏ வளைவில் மேட்டு உச்சியைத் தாண்டும் நொடியில் வண்டி லேசாகிவிடுகிறது, ஸ்டியரிங் கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி. கேரசல் என்ற ஆறாவது வளைவு இடது பக்கமாக இறங்கிக்கொண்டே போகிறது, முடியும் என்று நினைக்கிற இடத்தில் முடியாமல் இன்னும் திரும்புகிறது. நான் சீக்கிரமே உள்ஓரத்துக்குப் போய்விட, வெளியே வரும்போது ரோடு மிச்சமில்லை. "கண்ணைத் தூக்கு, பானெட்டைப் பார்க்காதே" என்று மட்டும் பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது சுற்று நேரத்தில் பிரேக் பெடல் கொஞ்சம் ஆழமாக இறங்க ஆரம்பித்தது. பிரேக் ஆயில் சூடேறிக் கொதித்தால் இப்படி ஆகும். நான் ஊற்றியிருந்த டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அது 155 வரை இறங்கிவிடும். புதுசு ஊற்றி வந்தும் இப்படி என்றால் பழையதோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வயிறு கலங்கியது. ஒரு ரவுண்டு மெதுவாக ஓட்டி ஆறவிட்டேன்.

நான் சேர்ந்த குழுவில் புதியவர்கள் நேரம் அளக்கக் கூடாது. சீட்டு கிடையாது, நம்பர் கிடையாது. ஆகவே நன்றாக ஓட்டியதாக நினைத்துக்கொண்டு இறங்கினால், பயிற்சியாளர் பொறுமையாக ஆறு தப்பு சொல்வார். டிராக்கில் நம் தப்பை யாரும் சொல்ல வேண்டியதில்லை, சர்க்யூட்டில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது நமக்குத் தெரியவே தெரியாது. என்னைக் கேட்டால் இரண்டுக்கும் இதுதான் பெரிய வித்தியாசம், வேகமோ வளைவோ இல்லை.

பதினோராவது வளைவு ஒரு கொண்டை ஊசி. இரண்டாவது கியரில் திரும்பி வெளியே வரும்போது அழுத்திவிட்டால் பின்பக்கம் நழுவும். "ஸ்டியரிங் எவ்வளவு நேராகிறதோ அவ்வளவுதான் பெடல்" என்றார். இருபது தடவையாவது அந்த வளைவில் அதையே செய்தேன். கடைசியில் டயர் கத்தாமல், லேசாக முனகும் ஒரு சத்தத்தோடு வண்டி வெளியே வந்தது. அந்த முனகலைப் பாதத்தில் பிடித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த புதன் மறுபடியும் 37, மறுபடியும் டிராஃபிக். இந்த முறை மூவாயிரத்து ஐந்நூறில் நிறுத்தி, கிளட்சை மெல்ல விட்டு, பதினோராவது வளைவில் கேட்ட அதே முனகல் வரும்வரை மட்டும் பெடலைக் கொடுத்தேன். சக்கரம் சுற்றவில்லை, வண்டி பாய்ந்தது.

கூண்டிலிருந்து சீட்டு வந்தது. மச்சான் அதைப் பிடுங்கி டேஷ்போர்டு வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தான்.

"அறுபது அடி 2.17, மாமா. மொத்தம் 14.79."

இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். படித்தான். வண்டியைத் திருப்பி மறுபடியும் வரிசையில் விட்டேன்.