கல்லிடை வருவதற்குள் ஆறு பேர்

மகள் ப்ளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதில் ப்ரெஞ்சு எடுத்தாள். மார்க் வரும் என்று எல்லாரும் சொன்னதுதான் காரணம், வேறு ஒன்றும் கிடையாது. ஒப்பிப்பதைக் கேட்க வீட்டில் ஆள் வேண்டும், அது என் தலையில் விழுந்தது. புரியாமல் எத்தனை நாள் தலையாட்டுவது என்று நானும் ஒரு நோட்டு வாங்கினேன்.

எனக்கு அம்பாசமுத்திரத்தில் வேலை. காலையில் திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினால் டவுன், பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அடுத்தது அம்பை. நடுவில் ஆறு ஸ்டேஷன். ப்ரெஞ்சு வினைச்சொல்லுக்கும் ஆறு வடிவம்: ழ என்றால் நான், த்யு நீ, இல் அவன், நு நாங்கள், வு நீங்கள், பன்மை இல் அவர்கள். ஸ்டேஷனுக்கு ஒன்றாகச் சொல்லி, கல்லிடை வரும்போது ஒரு சொல்லை முடித்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. (அந்த ழ நம்முடைய ழ இல்லை, தமிழில் அப்படி எழுதுவது வழக்கம், அவ்வளவுதான். வாழைப்பழத்தை வாளப்பளம் என்று சொல்லி வளர்ந்தவனுக்கு அதில் பெரிய நஷ்டம் இல்லை.)

ஒழுங்கான வினைச்சொற்கள் மூன்று வகை. மூலச்சொல்லின் கடைசி இரண்டு எழுத்து இ-ஆர், ஐ-ஆர், ஆர்-இ இதில் எது என்று பார்த்துப் பிரிப்பார்கள். பெரும்பாலானவை இ-ஆர் வகை என்பதால் முதல் சொல்லாக 'பார்லே', அதாவது பேசு. அந்த இ-ஆரை வெட்டிவிட்டு இ, இஎஸ், இ, ஓஎன்எஸ், இஇசட், இஎன்டி என்று வரிசையாக ஒட்ட வேண்டும். பார்த்தால் சுலபம். நான் எழுத்துக்கு எழுத்து வாசித்து, அவர்கள் பேசுகிறார்கள் என்பதற்கு 'பார்லெண்ட்' என்று ஒரு வாரம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அந்த இஎன்டி எழுதத்தான், வாயில் வராது. நான், நீ, அவன், அவர்கள் நாலு பேருக்கும் காதில் விழுவது ஒரே 'பார்ல்'. நாங்கள் மட்டும் பார்லோன் (அந்த ன் மூக்கோடு நின்றுவிடும்), நீங்கள் பார்லே.

நாலு பேருக்கும் ஒரே சத்தம் என்றால் யார் பேசுகிறார் என்று எப்படித் தெரியும்? இந்த எரிச்சலோடு ஒருநாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, வீரவநல்லூர் தாண்டி எதிர் சீட்டு ஆச்சி கேட்டாள்: "என்னய்யா, மந்திரமா சொல்லுதிய?"

அப்போதுதான் விளங்கியது. ஆச்சி 'நீங்க' என்று சொல்லவே இல்லை. சொல்லுதிய என்றதிலேயே ஆளும் வந்துவிட்டது, மரியாதையும் வந்துவிட்டது. சொல்லுதேன், சொல்லுதான், சொல்லுதாவ என்று நமக்கு வால்தான் ஆளைக் காட்டும், அதனால் நான், அவன் எல்லாம் இல்லாமலேயே நாள் முழுக்கப் பேசலாம். ப்ரெஞ்சில் வால் ஊமை, ஆகவே தலையில் ழவோ த்யுவோ இல்லாமல் வாயைத் திறக்க முடியாது. நான் தமிழ்ப் பழக்கத்தில் அதை விழுங்கிவிட்டு வெறும் 'பார்ல்' என்று சொல்லிப் பழகியிருக்கிறேன்! அன்றிலிருந்து தலையும் சொல்லும் சேர்த்து ஒரே மூச்சில்: ழபார்ல், த்யுபார்ல், இல்பார்ல். வு விஷயத்தில் சிரமமே இல்லை. ஒருவரை மரியாதையாகச் சொன்னாலும் பலரைச் சொன்னாலும் நம் 'நீங்க' மாதிரிதான்.

ஐ-ஆர் வகையில் 'ஃபினீர்', முடி என்று அர்த்தம். ஒருமை மூன்றும் ஃபினி, பன்மைக்கு நடுவில் ஒரு ஸ் புகுந்து ஃபினிஸோன், ஃபினிஸே, ஃபினிஸ். ஆர்-இ வகை இரண்டு நாளில் வந்துவிட்டது.

தொந்தரவு இ-ஆருக்குள்ளேயே இருக்கிறது. சாப்பிடு என்பதற்கு 'மான்ழே', அதில் நாங்கள் வரும்போது ஓஎன்எஸ்ஸுக்கு முன்னால் ஒரு இ-யை விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜி எழுத்தின் ழ சத்தம் போய் க சத்தம் ஆகிவிடும். இதுவாவது நியாயம். போ என்பதற்கான 'அலே' இ-ஆரில் முடிந்தும் இந்த வாய்ப்பாட்டில் அடங்காது, நான் போகிறேன் என்றால் 'ழ வே'. மகளுக்கு முதல் டெஸ்டில் மார்க் போனது அதில்தான். அதற்கு முந்தின ராத்திரி ஒப்பிக்கக் கேட்டு "சரி" என்று தலையாட்டியவன் நான்.

இப்போது இறந்தகாலம் தொடங்கியிருக்கிறாள். அதில் வருகிற பார்லேயும் காதுக்கு அதே பார்லேதான், எழுதும்போது மட்டும் கடைசி இ-க்கு மேல் ஒரு கோடு.